இலைக்குப் பங்கு உண்டு, காட்டுக்கு இல்லை: காணிகளும் ஆரோக்கியப்பச்சையும்

1987 டிசம்பரில் ஒரு தாவர ஆய்வுக் குழு அகத்தியமலைக் காட்டுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. கேரளப் பக்கத்துச் சரிவு. விஞ்ஞானிகளுக்கு மூச்சு வாங்கியது. வழிகாட்டிகளாக வந்த, அந்த மலைப் பழங்குடியான காணி இளைஞர்களோ சோறு தண்ணீர் பற்றிக் கவலைப்படாமல் முன்னால் போய்க்கொண்டே இருந்தார்கள். நடுநடுவே ஒரு சிறு பழத்தை வாயில் போட்டு மென்றார்கள். களைத்து உட்கார்ந்துவிட்ட விஞ்ஞானிகளிடமும் சிலதை நீட்டினார்கள். தின்றவர்களுக்குக் கொஞ்ச நேரத்தில் தெம்பு வந்துவிட்டது. இது என்ன பழம் என்று கேட்டதும்தான் பேச்சு நின்றது. வெளியாரிடம் சொல்லக் கூடாது என்றார்கள். தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்று வாக்குக் கொடுத்து, மறுபடி மறுபடி கேட்டபிறகே ஆரோக்கியப்பச்சைச் செடியைக் காட்டினார்கள்.

இந்தக் கதை எத்தனையோ மாநாட்டு மேடைகளில் சொல்லப்பட்டுவிட்டது. பழம் தின்று தெம்பு வந்த இடத்தில் தொடங்கி, பழங்குடியினர் கையில் பணம் சேர்ந்த இடத்தில் முடித்துவிடுவார்கள். நடுவிலும் அதற்கப்புறமும் நடந்தவைதான் இந்த ஆய்வுக்கு வேண்டியவை. ஒரு வனக்குடி தன் அறிவை வெளியுலகத்திடம் கொடுத்தது. வெளியுலகமும், பார்க்கப்போனால், அந்தக் காலத்துக்கு நல்லபடியாகவே நடந்துகொண்டது. ஏமாற்ற வேண்டும் என்று திட்டம் போட்டவர் யாரும் இந்தக் கதையில் முன்னால் நிற்கவில்லை. அப்படியிருந்தும் இருபது ஆண்டுகளில் அது ஏன் கரைந்துபோனது?

காணிகளும் மலையும்

நமக்கு அகத்தியமலை என்றால் பொதிகை, அகத்தியர், பாபநாசத்தில் விழும் தாமிரபரணி. 1,868 மீட்டர் உயரமுள்ள அந்த உச்சியின் இரண்டு பக்கத்திலும் காணிகள் இருக்கிறார்கள். கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தின் குற்றிச்சல், விதுரா, பெரிங்கம்மலைப் பஞ்சாயத்துகளில் அவர்களுடைய குடியிருப்புகள் உள்ளன. தமிழகத்தில் கன்னியாகுமரி மாவட்டத்தின் பேச்சிப்பாறைக் காடுகளிலும், பாபநாசத்துக்கு மேலே சின்ன மயிலாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழி போன்ற இடங்களிலும் இருக்கிறார்கள். கேரளத்தில் இருபதாயிரத்துக்குக் கொஞ்சம் முன்பின், தமிழகத்தில் சில ஆயிரம் பேர். தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலில் ‘காணிக்காரர்’ என்ற பெயருக்கு அருகிலேயே அடைப்புக்குறிக்குள் கன்னியாகுமரி மாவட்டம், செங்கோட்டை, அம்பாசமுத்திரம் வட்டங்கள் என்று எல்லை போட்டிருப்பார்கள். எல்லைக்கு வெளியே குடிபெயர்ந்தால் சாதிச் சான்றிதழுக்கு அலைய வேண்டியதுதான். மலைக்கு அந்த எல்லை தெரியாது. பட்டியலுக்குத் தெரியும்.

பழைய ஏற்பாட்டில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு மூட்டுக்காணி. தலைவர் அவர்தான், வழக்குத் தீர்ப்பவரும் அவர்தான். அவருக்குத் துணையாக, ஆட்களைக் கூட்டிச் சேதி சொல்ல ஒரு விளிகாணி. நோய்க்கும் தெய்வத்துக்கும் பிலாத்தி. கொக்கரை என்ற இரும்புக் கருவியை உரசிக்கொண்டு இரவெல்லாம் சாற்றுப்பாட்டுப் பாடி நோய் இறக்குவது பிலாத்தியின் வேலை. மூலிகை அறிவில் ஒரு பகுதி எல்லோருக்கும் தெரிந்தது. இன்னொரு பகுதி பிலாத்திகளின் பொறுப்பில் இருப்பது. யாருக்கு, எப்போது சொல்லலாம் என்பதற்கு அவர்களிடம் முறை உண்டு. இந்தப் பிரிவினை பின்னால் பெரிய பிரச்சினையாக வந்து நிற்கும்.

காட்டைச் சுட்டு, ஓரிரு ஆண்டு பயிரிட்டு, இடம் மாறும் விவசாயம் அவர்களுடையது. அதோடு தேன், மூங்கில், வேட்டை. திருவிதாங்கூர் அரசுக் காலத்திலிருந்தே இது குறுகத் தொடங்கிவிட்டது. காடு முதலில் ரிசர்வ் ஆயிற்று. 1906-இல் பேச்சிப்பாறை அணை வந்தது. 1958-இல் நெய்யாறு வனவிலங்குச் சரணாலயம், 1983-இல் பேப்பாறைச் சரணாலயம், 1988-இல் கிழக்குப் பக்கம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். 2001-இல் மலை உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருந்தது. ஆனால் ஒவ்வொன்றும் வரும்போது காணிகள் ஒரே இடத்தில் கொஞ்சம் கூடுதலாக உட்கார வேண்டியிருந்தது. மரச்சீனி, வாழை, மிளகு, ரப்பர் என்று நிலையான பயிருக்கு மாறினார்கள். மற்ற நாட்களில் கூலி வேலை. ஓணத்துக்கு முன்பு தேனும் காட்டுப்பொருளும் எடுத்துக்கொண்டு திருவனந்தபுரம் கவடியார் அரண்மனைக்குப் போய் அரச குடும்பத்தைப் பார்த்துவிட்டு வரும் வழக்கத்தை மட்டும் விடவில்லை. பழைய மன்னருடைய காட்டுக்கு இன்று வேறு முதலாளி என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை.

சுருக்கமாக, 1987-இல் அந்த ஆய்வுக் குழு சந்தித்தது ‘வெளியுலகமே அறியாத’ ஆதிவாசிகளை அல்ல. காட்டுக்குள் குடியிருந்துகொண்டு, ஒரு கீற்றை வெட்டவும் வனக்காவலரின் முகத்தைப் பார்க்க வேண்டிய நிலையிலிருந்த மக்களை.

பழத்திலிருந்து பொடிக்கு

அந்தக் குழு, 1982-இல் மத்திய அரசு தொடங்கிய அகில இந்திய இன உயிரியல் ஆய்வுத் திட்டத்தைச் சேர்ந்தது. தலைமை ஒருங்கிணைப்பாளர் பி. புஷ்பாங்கதன். நாடு முழுவதும் பழங்குடியினரின் தாவர அறிவைப் பதிவுசெய்வது திட்டத்தின் வேலை.

செடியின் தாவரவியல் பெயர் டிரைகோபஸ் ஜெய்லானிகஸ். இதய வடிவ இலை, தரையை ஒட்டிய சிறு செடி. நிழலும் ஓடைக்கரை ஈரமும் இருந்தால்தான் செழிக்கும். வகைப்பாட்டில் வள்ளிக்கிழங்கின் உறவு. பார்த்தால் யாரும் சொல்ல மாட்டார்கள். இலங்கையிலும் மலேசியாவிலும் இந்த இனம் உண்டு. ஆனால் தெற்கு மேற்குத்தொடர்ச்சி மலையில் வளரும் துணையினம் தனி, இதைத் தெம்புக்குத் தின்னும் வழக்கம் காணிகளோடது. ‘ஆரோக்கியப்பச்சை’ என்ற பெயர் வெளியே பரவியது 1988-இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரையால். தெம்புக்குப் பேர்போன கிழக்காசிய வேரான ஜின்செங்கோடு ஒப்பிட்டு, ‘காணிகளின் ஜின்செங்’ என்று அதன் தலைப்பிலேயே எழுதியிருந்தார்கள்.

இங்கே ஒரு நிமிடம் நிற்கலாம். வாக்குக் கொடுத்து வாங்கிய இரகசியம் ஓராண்டுக்குள் அச்சில் வந்துவிட்டது. கெட்ட எண்ணம் இல்லை. கட்டுரை எழுதுவதுதான் விஞ்ஞானியின் தொழில். ஆனால் அச்சானதும் அது உலகத்துச் சொத்து. பின்னால் வந்த ஒப்பந்தங்கள், பங்கீடுகள் எல்லாம், கதவைத் திறந்துவிட்டபிறகு பூட்டு வாங்கப் போன கதைதான். காணிகளின் அறிவைப் பாதுகாக்க அன்று இந்தியாவில் ஒரு சட்டமும் இல்லை. உயிரியப் பன்மை உடன்படிக்கை ரியோவில் கையெழுத்தானதே 1992-இல்.

முதற்கட்டச் சோதனைகள் ஜம்முவில் உள்ள மண்டல ஆய்வுக்கூடத்தில் நடந்தன. புஷ்பாங்கதன் 1990-இல் திருவனந்தபுரத்தை அடுத்த பாலோடு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநரானதும் ஆய்வு அங்கே தொடர்ந்தது. காணிகள் தின்றது பழத்தை. ஆய்வுக்கூடத்தில் இலையிலும் களைப்பைப் போக்கும், நோய் எதிர்ப்பைத் தூண்டும் தன்மை தெரிந்தது. பழம் எப்போதாவதுதான் கிடைக்கும். இலையோ அறுக்க அறுக்கத் துளிர்க்கும். எனவே இலையையே எடுத்துக்கொண்டார்கள். அதோடு அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி சேர்த்து ஒரு சத்துப்பொடி தயாரானது. பெயர் ஜீவனி.

காணிகளின் வைத்தியத்தில் ஜீவனி என்று ஒன்று கிடையாது என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. மூன்று மூலிகைகள் ஆயுர்வேதத்தில் ஏற்கனவே புழங்குபவை, கலவை ஆய்வுக்கூடத்தின் கைவேலை. காணிகள் கொடுத்தது ஒரு துப்பு. பல்லாயிரம் செடிகள் உள்ள காட்டில் ‘இதைப் பார்’ என்று காட்டிய விரல். அந்த விரலுக்கு என்ன விலை என்பதுதான் அடுத்த கேள்வி.

பத்து லட்சமும் இரண்டு சதவீதமும்

1995 நவம்பரில் பாலோடு நிறுவனம் ஜீவனி தயாரிக்கும் உரிமத்தைக் கோயம்புத்தூர் ஆர்ய வைத்ய பார்மசிக்குக் கொடுத்தது. ஏழு ஆண்டுகளுக்கு 10 லட்சம் ரூபாய் கட்டணம், விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி. இதில் சரிபாதி காணிகளுக்குப் போக வேண்டும் என்று நிறுவனம் தானாகவே முடிவெடுத்தது.

தானாகவே என்பதை அழுத்திச் சொல்கிறேன். அப்படிக் கொடுக்கச் சொல்லி எந்தச் சட்டமும் அன்று கட்டாயப்படுத்தவில்லை. இந்தியாவின் உயிரியப் பன்மைச் சட்டம் வந்தது 2002-இல். பலன் பகிர்வு பற்றிய நகோயா நெறிமுறை 2010-இல். அதற்கெல்லாம் முன்னால் ஓர் அரசு ஆய்வு நிறுவனம் பழங்குடியினருக்குப் பாதி என்றது என்றால் சின்ன விஷயமில்லை. பின்னால் எழுதிய விமர்சகர்களில் சிலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

அதே நேரம் இதன் மறுபக்கமும் உண்டு. தானாகக் கொடுத்தது என்பதாலேயே, எவ்வளவு, எப்படி, யாரிடம் என்று முடிவு செய்ததும் கொடுத்தவர்தான். உரிமம் பற்றிய பேச்சு நடந்தபோது மேசையில் இரண்டு நாற்காலிதான். ஒன்றில் நிறுவனம், மற்றதில் மருந்துக் கம்பெனி. மூன்றாவது நாற்காலியில் உட்காரக் காணிகளுக்கு ஒரு அமைப்பே இல்லை.

அமைப்பு அப்புறம்தான் வந்தது. 1997 நவம்பரில் ‘கேரள காணி சமுதாய க்ஷேம டிரஸ்ட்’ பதிவானது. அறங்காவலர்கள் எல்லோரும் காணிகள். 1999 தொடக்கத்தில் சுமார் 5.19 லட்சம் ரூபாய் டிரஸ்ட்டின் கணக்குக்கு வந்தது. பெரும்பகுதி உரிமக் கட்டணத்தின் பாதி. ராயல்டியாக வந்தது மிகச் சொற்பம். முதலை வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டு வட்டியை மட்டும் செலவழிப்பது என்று தீர்மானித்தார்கள். செடியைக் காட்டிய குட்டிமாத்தன் காணி, மல்லன் காணி முதலியோருக்கு ஒரு வெகுமதியும் தரப்பட்டது.

கேரளத்துக் காணிகள் இருபதாயிரம் பேர் என்று வைத்து வகுத்தால் தலைக்கு 26 ரூபாய். இந்தக் கணக்கைப் போட்டுக் கேலி செய்வது சுலபம். பணம் தலைக்குத் தலை பிரிப்பதற்கானது அல்ல என்பதும் உண்மை. காட்டுக்குள்ளிருந்து ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி இல்லாத குடியிருப்புகளுக்கு, தங்களுடையது என்று ஒரு கணக்குப் புத்தகம் இருந்ததே புதுசு. 2002-இல் ஜோகன்னஸ்பர்க் உச்சி மாநாட்டில் இந்த முயற்சிக்காகப் புஷ்பாங்கதனுக்கு ஐ.நா.வின் ஈக்வேட்டர் விருது கிடைத்தது. உலகம் முழுக்க ‘காணி மாதிரி’ என்று ஒரு பெயரும் வந்துவிட்டது.

மூட்டை நின்ற இடம்

விருது வாங்கும்போதே மாதிரி ஆட்டம் கண்டிருந்தது. சந்தை இல்லை, மருந்து விற்கவில்லை என்பது காரணம் அல்ல. இலை கிடைக்கவில்லை.

பொடி தயாரிக்க டன் கணக்கில் இலை வேண்டும். காட்டிலிருந்து பறித்தால் செடியே அழிந்துவிடும். சரி, பயிரிடலாம் என்றால், இந்தச் செடிக்கு ஒரு குணம்: அதன் சொந்தக் காட்டுச் சூழலுக்கு வெளியே கொண்டுபோய் நட்டால் வளரும், ஆனால் மருந்துச் சத்து இருக்காது என்று பாலோடு ஆய்வாளர்கள் கண்டிருந்தார்கள். ஆக, கோயம்புத்தூர்க் கம்பெனி பொள்ளாச்சியில் தோட்டம் போட்டுக்கொள்ள முடியாது. காட்டின் நிழலில், காணிகள் இருக்கும் இடத்திலேயே, அவர்கள் கையாலேயே வளர்க்க வேண்டும். இயற்கையே காணிகளுக்குச் சாதகமாகப் போட்டுக்கொடுத்த நிபந்தனை. மூலப்பொருளுக்கு வேறு வழியில்லை என்ற பலம் எத்தனை பழங்குடிகளுக்குக் கிடைத்திருக்கிறது?

பழங்குடி மேம்பாட்டுத் திட்டத்தின் உதவியோடு ஐம்பது காணிக் குடும்பங்கள் சோதனை முறையில் பயிரிட்டன. இலையைக் கம்பெனி வாங்கிக்கொள்ளும். டிரஸ்ட்டின் ராயல்டியைவிட இந்த இலை விற்பனைதான் வீட்டுக்கு நேராகப் பணம் கொண்டுவரும் வழி.

வனத்துறை தடுத்தது. காணிகள் பயிரிட்ட நிலம் அவர்களுடைய குடியிருப்பை ஒட்டியது என்றாலும் காகிதத்தில் அது வனநிலம். அங்கிருந்து வெளியே போகும் எந்த இலையும் வனப்பொருள். மூட்டையில் இருப்பது தோட்டத்தில் வளர்த்த இலையா, காட்டில் பிடுங்கியதா என்று செக்போஸ்ட்டில் நின்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பது துறையின் வாதம்.

இந்த வாதத்தை வெறும் அதிகாரத் திமிர் என்று தள்ளிவிட முடியாது. செடியின் பெயர் பத்திரிகைகளில் வந்ததும் வெளி வியாபாரிகள் மலையடிவாரத்துக்கு வந்துவிட்டார்கள். வேரோடு பிடுங்கிக் கொடுத்தால் கையில் காசு. கொடுத்தவர்களில் காணிகளும் இருந்தார்கள். கூலிக்குப் போகிறவன் வாசலில் வந்து ஒருவர் நோட்டை நீட்டினால் அப்படித்தான் நடக்கும். வனத்துறை செடிகளைப் பறிமுதல் செய்தது. தெற்கு மேற்குத்தொடர்ச்சி மலையில் மட்டும் வளரும் துணையினத்துக்கு அந்தப் பயம் நியாயமானது.

ஆனால் இதே துறை இன்னொரு கோரிக்கையையும் வைத்தது: செடி வனத்துடையது, எனவே உரிமக் கட்டணத்திலும் ராயல்டியிலும் துறைக்கும் பங்கு வேண்டும். இங்கேதான் விஷயம் வெளிச்சமாகிறது. பாதுகாப்புதான் கவலை என்றால் பயிரிடுவதை முறைப்படுத்தியிருக்கலாம். குடும்பவாரியாகத் தோட்டத்தைப் பதிவுசெய்து, அறுவடைக்குச் சீட்டு கொடுத்து, அளந்து அனுப்பியிருக்கலாம். காட்டை யாரைவிடவும் அறிந்தவர்கள் பயிரிடத் தயார், வாங்க ஒரு கம்பெனி தயார், வழிகாட்ட ஒரு ஆய்வு நிறுவனம் பக்கத்திலேயே. நாலாவது ஆள் கையெழுத்துப் போடவில்லை. வருடக்கணக்கில் கடிதங்கள் போய்வந்தன. கம்பெனிக்கு வேண்டிய அளவு இலை ஒருபோதும் போய்ச் சேரவில்லை. இலை இல்லாவிட்டால் விற்பனை இல்லை, விற்பனை இல்லாவிட்டால் ராயல்டி ஏது?

என் பார்வையில் இந்த நிகழ்வின் முடிச்சு இதுதான். ஒப்பந்தம் அறிவுக்குப் பங்கு கொடுத்தது. அந்த அறிவு குடியிருக்கும் மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, பேசவும் முடியாது. ஏனென்றால் கையெழுத்துப் போட்ட இரண்டு பேருக்கும் காட்டின் மீது எந்த உரிமையும் கிடையாது. கோயிலில் பரிவட்டம் கட்டி முதல் மரியாதை செய்துவிட்டு, வயலுக்குப் போகும் வாய்க்காலை அடைத்தது போலாயிற்று.

சொல்ல உரிமை யாருக்கு?

இரண்டாவது சிக்கல் காணிகளுக்குள்ளேயே கிளம்பியது. வனத்துறையைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை இரண்டு வரியில் கடந்துவிடுவார்கள். எனக்கு இது அதைவிடக் கடினமானதாகத் தோன்றுகிறது.

1995 செப்டம்பரில், உரிமம் கையெழுத்தாவதற்கு இரண்டு மாதம் முன்பே, ஒன்பது பிலாத்திகள் கேரள முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார்கள். தங்கள் அறிவைத் தனியார் கம்பெனிக்கு விற்பதை எதிர்க்கிறோம் என்பது சாரம். செடியைக் காட்டியவர்கள் பிலாத்திகள் அல்ல. வழி காட்டப் போன இளைஞர்கள். மூலிகை அறிவை வெளியே சொல்ல அவர்களுக்கு முறைப்படி உரிமை இல்லை என்றால், 1987-இல் மலைமேல் நடந்த அந்தப் பேச்சை ‘காணி சமுதாயம் கொடுத்த சம்மதம்’ என்று எப்படிச் சொல்வது? பழங்குடி ஆய்வுக்கான மாநில அரசு நிறுவனமான கிர்டாட்ஸும் இந்த ஏற்பாட்டுக்கு எதிராக நின்றது. ஒரே மாநில அரசின் இரண்டு நிறுவனங்கள் எதிரெதிர்த் திசையில் இழுக்க, நடுவில் காணிகள்.

அப்புறம் ஊர்ப் பிரிவு. வழிகாட்டிகள் குற்றிச்சல் பகுதிக்காரர்கள். பாலோடு நிறுவனத்தோடு நெருக்கம் அவர்களுக்குத்தான். டிரஸ்ட்டின் தொடக்கமும் அந்தப் பக்கத்தை ஒட்டியே இருந்தது. விதுரா, பெரிங்கம்மலைக் காணிகளில் பலர் தங்களிடம் யாரும் கேட்கவில்லை என்றார்கள். பின்னால் அவர்களையும் சேர்க்க முயற்சி நடந்தது, ஆனால் முதல் மனத்தாங்கல் தீரவில்லை. மலைக்குக் கிழக்கே தமிழகத்தில் இருக்கும் காணிகளோ எந்தக் கணக்கிலும் வரவில்லை. டிரஸ்ட்டின் பெயரே ‘கேரள காணி’ என்றுதானே தொடங்குகிறது. அதே மலை, அதே இனம். மாநில எல்லை அறிவை எப்படிப் பிரித்தது என்று ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இதற்குச் சுலபமான விடை கிடையாது. பிலாத்திகள் சொன்னதே சரி என்று முடித்தால், எல்லோரும் மென்ற ஒரு காட்டுப்பழம் எப்போது வைத்தியரின் இரகசியமாயிற்று என்ற கேள்வி வரும். இளைஞர்கள் சொன்னதே போதும் என்றால், நாளைக்கு எந்த ஆய்வாளரும் யாரோ ஒருவரைப் பிடித்து, கூலி கொடுத்து, சமுதாயமே சம்மதித்தது என்று எழுதிவிடலாம். பழைய நாளில் இதை மூட்டுக்காணி கூட்டம் போட்டுத் தீர்த்திருப்பார். 1990-களில் மூட்டுக்காணியின் வாக்கு பஞ்சாயத்து வார்டு, கட்சி, பழங்குடி நலத்துறை என்று பல கைகளுக்குச் சிதறிவிட்டது. ‘காணி சமுதாயம்’ என்று ஒரே குரலில் பேசக்கூடிய ஒன்றை வெளியுலகம் தேடியபோது அது அங்கே இல்லை. அணையும் ரிசர்வும் அதைக் கலைத்தபிறகு வந்து தேடினார்கள். இல்லாததை டிரஸ்ட் என்ற பெயரில் புதிதாகக் கட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. டிரஸ்ட்டுக்குக் கணக்கு எழுதத் தெரிந்தது. ஆனால் சாற்றுப்பாட்டுப் பாடுகிறவரைக் கட்டுப்படுத்தும் வாக்கு அதனிடம் இல்லை.

பெயரும் போனது

இது சின்ன விஷயம், சீக்கிரம் சொல்லிவிடலாம். அன்றைய இந்தியச் சட்டப்படி மருந்துக்குத் தயாரிப்பு முறை மீது மட்டுமே காப்புரிமை கிடைக்கும், பொருள் மீது கிடைக்காது. வெளிநாடுகளில் பதிவுசெய்யப் பணம் வேண்டும், செய்யவில்லை. ‘ஜீவனி’ என்ற பெயரை வணிகக்குறியாக வெளிநாட்டில் பாதுகாக்கவும் இல்லை. அமெரிக்காவில் ஒரு நிறுவனம் அந்தப் பெயரைத் தன் பெயரில் பதிவுசெய்துகொண்டு விற்றது. அந்த விற்பனையிலிருந்து காணிகளுக்கு வர வேண்டியது எதுவும் எந்தக் காகிதத்திலும் இல்லை.

இந்தியாவில் 2000-களின் இறுதிக்குள் உரிமக் காலம் முடிந்து, ஏற்பாடும் நின்றுபோனது.

சட்டம் பின்னால் வந்தது

2002-இல் உயிரியப் பன்மைச் சட்டம், 2006-இல் வன உரிமைச் சட்டம். இரண்டாவது சட்டத்தைப் படிக்கும்போது காணிகளின் வழக்கை முன்னால் வைத்துக்கொண்டு எழுதினார்களோ என்று தோன்றும். சிறு வனப்பொருள்களைச் சேகரிக்கவும் விற்கவும் வனக்குடிகளுக்கு உடைமை உரிமை என்று 3(1)(சி) பிரிவு சொல்கிறது. உயிரியப் பன்மையோடு தொடர்புள்ள மரபறிவின் மீது சமுதாயத்துக்கு அறிவுசார் உரிமை என்று 3(1)(கே). முடிவெடுக்க வேண்டியது கிராம சபை. செக்போஸ்ட்டில் நின்ற மூட்டைக்கும், யாருடைய சம்மதம் என்ற கேள்விக்கும் ஒரே சட்டத்தில் பதில். பத்து வருஷம் முன்னால் வந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஆனால் சட்டப் புத்தகம் வேறு, பட்டா வேறு. சரணாலயத்துக்கும் புலிகள் காப்பகத்துக்கும் உள்ளே இருக்கும் குடியிருப்புகளில் தனிநபர் நிலத்துக்கான உரிமைச் சீட்டாவது கிடைக்கும், காட்டின் மீதான சமுதாய உரிமை அவ்வளவு லேசில் கைக்கு வராது. அதற்குள் 2023-இல் உயிரியப் பன்மைச் சட்டத்தைத் திருத்தி, ஏட்டில் பதிவான மரபறிவைப் பயன்படுத்துவோருக்குப் பலன் பகிர்விலிருந்து விலக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆயுர்வேதம், சித்தா நூல்களில் உள்ளவை ஏட்டிலுள்ள அறிவு. சாற்றுப்பாட்டில் இருப்பது ஏட்டில் இல்லாதது, அதனால் காணிகளுக்கு இன்னும் பாதுகாப்பு உண்டு என்று வாதாடலாம். ஜீவனியில் நாலில் மூன்று ஏட்டிலுள்ள மூலிகை. இப்படி ஒரு கலவைக்கு யார் யாருக்கு எவ்வளவு என்று இன்றைய அதிகாரி எப்படிப் பிரிப்பார் என்று பார்க்க ஆசைதான்.

காணிகள் சும்மா இருக்கவில்லை. பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். அகத்தியர்கூடம் மலையேற்ற சீசனில் வழிகாட்டிகளாகவும் சமையல்காரர்களாகவும் காணிகளே வேலை செய்கிறார்கள். அந்த மலையேற்றத்தில் பெண்களை அனுமதிக்க வேண்டும் என்று 2018-இல் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அகத்தியர் தங்கள் தெய்வம், தங்கள் வழக்கம் இது என்று காணிகள், பெண்களும் சேர்ந்தே, மலையேற்றம் தொடங்கும் போனக்காட்டில் உட்கார்ந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2019 ஜனவரியில் தீர்ப்பின்படி பெண் ஒருவர் ஏறினார். யாரும் மறிக்கவில்லை. அந்தத் தீர்ப்பில் எந்தப் பக்கம் நியாயம் என்பது வேறு விவாதம். நான் கவனித்தது இதைத்தான்: ஆரோக்கியப்பச்சை நாளில் மனு எழுதவே ஆய்வு நிறுவனத்தை நம்பியிருந்தவர்கள், இப்போது கேமரா முன்னால் தாங்களே பேசுகிறார்கள்.

செடியின் கதையும் நிற்கவில்லை. 2019-இல் ஆரோக்கியப்பச்சையின் முழு மரபணுத் தொகுதியின் வரைவை இந்திய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். தரவு பொதுத் தளத்தில் இருக்கிறது. உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் இறக்கிக்கொள்ளலாம். இப்படிப்பட்ட எண்ணிமத் தரவைப் பயன்படுத்தி லாபம் பார்க்கும் நிறுவனங்கள் ஒரு பொது நிதிக்குப் பணம் செலுத்த வேண்டும், அதில் குறைந்தது பாதி பழங்குடிகளுக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்கும் போக வேண்டும் என்று 2024-இல் கொலம்பியாவின் காலி நகரில் கூடிய உயிரியப் பன்மை மாநாட்டில் பேசி முடித்தார்கள். 2025 பிப்ரவரியில் நிதியும் தொடங்கப்பட்டது. பணம் செலுத்துவது நிறுவனங்களின் விருப்பம்.

மறுபடியும் பாதி, மறுபடியும் விருப்பம். இந்த முறை குற்றிச்சல் பக்கத்துக் கோட்டூர் செக்போஸ்ட்டில் நிறுத்திப் பார்க்க மூட்டைகூட இல்லை.